ஆவாரைக்கு ஊற்றிய தண்ணீர்

ஆவாரை வளர்ப்பதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை, ஸ்டேஷன் ரைட்டர் ஐயா. விதையை ஊறவைத்து ஊன்றி, முளைத்ததும் ஆடு வாய் வைக்காமல் முள் அடைத்தால் போதும். சங்கரன்கோவிலைச் சுற்றித் தரிசெல்லாம் அது தானாகவே பூத்துக் கிடக்கிறது. நான் புறவாசலில் வளர்த்தது என் வீட்டுக்காரருக்காகத்தான். அவர் பெயரை நான் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டு இசக்கித்தாயிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்கு நீரிழிவு. காலில் புண் வைத்து, நடை விழுந்து, கட்டிலே கதி என்று கிடந்தார். ஆவாரம்பூக் கஷாயம் கொடு, தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீரும் கொடு என்றார் வைத்தியர். கஷாயம் ஒருவேளைகூடத் தவறவில்லை.

தண்ணீர்தான் கஷ்டம். இரண்டு வருஷமாக மழையில்லை. ஒரு மைல் நடந்தால் நாளுக்கு இரண்டு குடம் கிடைக்கும். ஒன்று சமையலுக்கும் எனக்கும். மற்றது அவர் குடம். இந்தச் சித்திரையில் அதைச் செடிக்கு ஊற்ற ஆரம்பித்தேன். செடி பூத்தால்தானே கஷாயம், கஷாயம் இருந்தால்தானே அவர்? அப்படித்தான் நினைத்தேன். ஊற்றுகிற சத்தம் கட்டிலுக்குக் கேட்கும்.

"ஏட்டி, ஒரு வாய் தண்ணி தாட்டி" என்பார். கஷாயத்தில் ஒரு மடக்குக் கொடுப்பேன். ஒருநாள் இசக்கித்தாய் செம்போடு வந்து நின்றாள்.

"தண்ணி குடுக்கக் கூடாதுக்கா, வைத்தியர் சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றேன். செம்பைத் திரும்பக் கொண்டுபோனதில் அவளுக்கும் வருத்தமில்லை. எல்லார் வீட்டிலும் அதே பஞ்சம்தானே.

அந்த வார்த்தை என்னுடையதல்ல. எட்டு வருஷத்துக்கு முன், எங்கள் பூமாரிக்குப் பேதி கண்டபோது அவர் என்னிடம் சொன்னது. அன்றைக்கு வைத்தியர் உண்மையாகவே அப்படிச் சொல்லியிருந்தார். நாலு வயசுப் பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது. நான் மோந்து கொடுத்துவிடாமல் இவர் பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மறுநாள் மத்தியானம் பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டது. பிழைக்கவேண்டும் என்றுதான் செய்தார், அவரும் அழுதார். அதில் எனக்கு அவர்மேல் வருத்தம் கிடையாது. இப்போதும் மனசில் ஒன்றும் இல்லை, மரத்துத்தான் கிடக்கிறது.

ஆவாரைக்கு அவ்வளவு தண்ணீர் ஆகாது. கரிசல் மண்ணில் தேங்கி, வேர் அழுகி, செவ்வாய்க்கிழமை செடி சாய்ந்தது. பிடுங்கி எறிந்தேன். கஷாயமும் அத்தோடு நின்றது.

அவர் கேட்பதை நிறுத்தியது வெள்ளிக்கிழமை மத்தியானம். அதுவரை அவர் குடத்தை அந்த வெறுங்குழியில்தான் ஊற்றினேன்.