கடைவயலுக்கு முதல் தண்ணி

பயப்பிடாதேங்கோ மலரக்கா, உது ஹீற்றர் பைப். இருட்டுப்பட்டாப் பிறகு உப்பிடித்தான், ஆரோ தொண்டைக்குள்ளை தண்ணி விட்டுக் கொப்பிளிக்கிற மாதிரிக் களுக் களுக்கெண்டும். கீழையிருந்து பதினேழு மாடிக்குச் சுடுதண்ணி ஏறுதெல்லே, நடுவிலை காத்துப் பிடிச்சா உந்தச் சத்தம். வந்த புதுசிலை நானும் எழும்பி லைற்றைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தனான். உங்களுக்கு இஞ்சை ரெண்டு மாசம்தானே, பழகிப்போம்.

இல்லை, பிள்ளையைக் கிடத்தாதேங்கோ. உங்கடை தோளிலையே நித்திரை கொள்ளட்டும். என்னட்டை வந்தா எழும்பிப்போடுவான். ரீ ஆறுது, குடியுங்கோ. இவர் வேலையாலை வர ஒன்பது மணியாகும். அதுக்குள்ளை நான் சொல்லிப்போட வேணும்.

என்னத்தையோ? பின்னேரம் கேட்டனீங்களெல்லே, ஏன் பேர்ணடெற், என்ரை மனுசன்ரை பேரை உன்ரை பிள்ளைக்கு வைக்கிறாய் எண்டு. நான் பாத்திரம் கழுவுற சாட்டிலை மறுமொழி சொல்லாமல் விட்டனான். நாளைக்கு ஞானஸ்நானத்திலை பாதர் கேப்பார், பிள்ளைக்கு என்ன பேர் எண்டு. ஞானத்தாய் நீங்கள், பஸ்ரியன் எண்டு உங்கடை வாயாலைதான் சொல்லுவியள். இதைக் கேட்டாப் பிறகும் சொல்லுவியளோ எண்டு எனக்குத் தெரியாது. மாட்டன் எண்டாலும் நான் ஒண்டும் நினைக்கமாட்டன்.

சீச்சீ, இவரோடை ஒரு பிரச்சினையுமில்லை. உங்களை அறையை விட்டு எழும்பச் சொல்லவும் இல்லை. ஐயோ அக்கா, அந்த அறை உங்கடை அறை. இது ஊர்க் கதை. தண்ணிக் கதை.

சிரியுங்கோ, சிரியுங்கோ. விதானையின்ரை மகள் எங்கை போனாலும் வாய்க்காலடியிலைதான் தொடங்குவாள் எண்டு உங்கடை மனுசனே பகிடி பண்ணினவர்.

மன்னார்க் கொன்வென்ரிலை எங்களுக்குச் சரித்திரம் படிப்பிச்ச சிஸ்டர், கட்டுக்கரைக் குளத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வாங்கோ எண்டவ. நான் எட்டுப் பக்கம் எழுதினனான். ஆதியிலை ஒரு ராசா அருவியாத்தை மறிச்சுத் தண்ணியைத் திருப்பினது, பிறகு கட்டு உடைஞ்சு, கனகாலம் காடு மூடி யானையும் கரடியும் நிண்டது, பிறகு ஒரு வெள்ளைக்காரன் வந்து இது உதவாத குளம் எண்டு எழுத, இன்னொரு வெள்ளைக்காரன் அளந்து பாத்து, ராசாவின்ரை மட்டம்தான் சரியெண்டு திருத்தினதாம் எண்டு ஊரிலை சொல்லுற கதை, எல்லாம் குண்டு குண்டு எழுத்திலை. சிஸ்டர் வகுப்புக்கு வாசிச்சுக் காட்டினவ. அப்பாவிட்டைக் கொண்டுபோய்க் குடுத்தன். முழுக்க வாசிச்சுப்போட்டு, எல்லாம் வடிவாயிருக்குப் பிள்ளை, ஆனா உந்த எட்டுப் பக்கத்திலையும் ஒரு வயலுக்கும் தண்ணி போய்ச் சேரேல்லையே எண்டார்.

ஓம், அவற்றை கதை அப்பிடித்தானே.

அவருக்கு ராசாவும் வெள்ளைக்காரனும் பெரிசில்லை. வாய்க்காலிலை ஆர் முதல், ஆர் கடைசி, அதுதான் அவருக்கு வேதம். நீங்கள் கமக்காரன்ரை பெண்சாதி, உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனா வரிசையாச் சொன்னாத்தான் எனக்கு வாய் வருது. தண்ணி குறைஞ்ச வரியம், சிறுபோகத்துக்கு, கடைவயலுக்குத்தான் முதல் தண்ணி. வாய்க்கால் தொடங்கிற இடத்திலை இருக்கிறவன் தன்ரை வாசலாலை தண்ணி ஓடுறதைப் பாத்துக்கொண்டு பொறுத்திருக்க வேணும். தண்ணியைப் பங்கிடுற வட்டவிதானைக்கு எல்லாருக்கும் பிறகு. எங்கடை வயல் தலையிலை, உங்கடை வயல் கடையிலை. அதாலை முதல் ஆள் பஸ்ரியண்ணை, கடைசி ஆள் அப்பா. கள்ளத்தண்ணி எடுத்தா அடுத்த முறை இல்லை. அதுவும் அவற்றை சட்டம்தான்.

எண்பத்தொன்பதாம் ஆண்டுச் சிறுபோகம். நான் ஏ.எல். சோதினை எழுதிப்போட்டு வீட்டிலை நிக்கிறன். அப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல். உதறி உதறிப் போர்வைக்குள்ளை கிடந்துகொண்டு என்னைக் கூப்பிட்டு, பிள்ளை, இண்டைக்கு இரவு பஸ்ரியன்ரை முறை, நீ பொழுதுபட முன்னம் போய் வாய்க்கால் வழிய வயல்வாசலுகளை அடைக்கிற பலகை எல்லாத்தையும் இறுக்கிப்போட்டு வா, ஒரு சொட்டும் இடையிலை போகக்கூடாது எண்டார். போனனான். ஒவ்வொரு பலகையாச் சேறு வைச்சு இறுக்கினனான். கடைசியா எங்கடை வயலடிக்கு வந்தா, நெல்லு குடலைப் பருவம், கதிர் வெளியிலை வர நிக்கிற நேரம், நிலம் கைவிரல் போற அளவுக்கு வெடிச்சுக்கிடக்கு. எங்கடை முறைக்கு இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாளைக்குப் பிறகு வைக்கல்தான் வெட்டலாம்.

எங்கடை பலகையையும் இறுக்கிப்போட்டுத்தான் வந்தனான். சத்தியமா.

படுத்தனான், நித்திரை வரேல்லை. அம்மா அடுப்படியிலை தனியக் கதைச்சுக்கொண்டிருந்தா, ஊருக்கெல்லாம் பங்கிட்டுக் குடுக்கிற மனுசன்ரை வயல்தான் எரியுது எண்டு. அவ படுத்தாப் பிறகு நான் எழும்பினனான். ரோச் அடிக்கேலாது, இரவிலை ஒரு வெளிச்சம் கண்டா எந்தப் பக்கத்தாலை வெடி வருமெண்டு தெரியாத காலமெல்லே. அரைக் கட்டை தூரம், வரம்பு எனக்குக் காலுக்குத் தெரியும்.

போய் எங்கடை பலகையை உருவினனான்.

ஓமக்கா. நான்தான்.

எழும்பாதேங்கோ. இருங்கோ, இன்னும் முடியேல்லை. பிள்ளையை இறுக்காதேங்கோ, அக்கா, அவன்ரை கழுத்து.

என்னட்டை மணிக்கூடு இல்லை. செபமாலைதான் இருந்தது. முழுச் செபமாலை ரெண்டு சொன்னா ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும், நாலு சொல்லி முடியப் பலகையைப் போடுவம் எண்டு கணக்குப் பண்ணினன். பாருங்கோ, மாதாவை வைச்சுக் களவுக்கு நேரம் பாத்தனான். இஞ்சை பாவசங்கீர்த்தனத்திலை பாதரிட்டை இதைச் சொல்ல வெளிக்கிட்டு, கொஞ்சத் தண்ணி எடுத்தனான் பாதர் எண்டு மட்டும் சொன்னன். அவர் ஆரோ பக்கத்து வீட்டுப் பைப்பிலை பிடிச்சதெண்டு நினைச்சிருப்பார். மூண்டு அருள்நிறை சொல்லச் சொன்னார்.

நிலத்துக்குள்ளை தண்ணி போற சத்தம் எவ்வளவு வடிவாக் கேட்டது தெரியுமே. எனக்குச் சந்தோசமாயிருந்தது. அதையும் சொல்ல வேணும், ஒளிக்கக்கூடாது.

அங்கை உங்கடை வயலிலை தண்ணி மெலிஞ்சுபோச்சு. கடைவயல்காரன் என்ன செய்வான்? மண்வெட்டியைத் தோளிலை வைச்சுக்கொண்டு வாய்க்கால் வழிய மேல்நோக்கி நடப்பான், எங்கை உடைச்சிருக்கு, நண்டு துளைச்சிருக்கோ எண்டு. எந்தக் கமக்காரனும் அதைத்தான் செய்வான். பஸ்ரியண்ணையும் அதைத்தான் செய்தவர். வெளிச்சமில்லாமல், வெறுங்காலோடை.

விடியச் சனம் போய்ப் பாக்கேக்கை வாய்க்காலிலை தண்ணி வடிவா ஓடுது, கடைவயலுக்குப் போகுது, எல்லாப் பலகையும் இறுக்கிக்கிடக்கு. தன்ரை முறைத்தண்ணி தன்ரை வயலுக்கு ஓடிக்கொண்டிருக்க, இவன் மண்வெட்டியோடை தலைவயலடியிலை என்ன செய்தவன் எண்டு கேட்டுதுகள். கூடுதலாத் தண்ணி எடுக்க மதகுத் துருசடிக்குப் போனவன், புடையன் போட்டிட்டுது எண்டு தாங்களே மறுமொழியும் சொல்லிச்சுதுகள். செத்த வீட்டிலையே உங்களுக்குக் கேக்கச் சொன்னதுகளெல்லே. கள்ளத்தண்ணிக்குப் பாம்பு தீர்ப்புச் சொன்னதெண்டு.

அப்பா அழுதவர். அழுதுபோட்டு, சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் எண்டு, முப்பத்தோராம் நாள் கழிய முன்னமே முறைக்கொப்பியை எடுத்துவரச் சொன்னவர். அவருக்கு இன்னும் காய்ச்சல் விடாதபடியாலை எழுதினது நான். பஸ்ரியன்ரை வயல், அடுத்த முறை இல்லை. அடிமட்டம் வைச்சுச் சிவப்புப் பேனையாலை நேராக் கோடு கீறி வெட்டினன். உங்கடை நெல்லு அப்பிடியே கருகினது. எங்கடை வயல் அந்த வரியம் நல்லா விளைஞ்சது.

அதுதான் அக்கா, நீங்கள் இஞ்சை வந்த நாளிலையிருந்து, உன்ரை நன்றியை மறக்கமாட்டன், ஊரிலை ஒரு சனம் திரும்பிப் பாக்கேல்லை நீ அறை தந்தனி எண்டு சொல்லேக்கை எல்லாம் நான் எழும்பிப் போறது. உங்களுக்கு அறை தராட்டி ஆருக்குத் தாறது. கோயிலிலை எல்லாரிட்டையும் சொல்லுறியளாம், கள்ளன் எண்டு பேர் வாங்கின மனுசன்ரை பேரை விதானையின்ரை பேரனுக்கு வைக்கினம், இனி ஆரும் வாய் திறக்கேலாது எண்டு. மலரக்கா முகம் பூத்துப்போய்த் திரியிறா எண்டு இவர் சொன்னார். அதைக் கேட்ட நேரம் தொட்டு எனக்கு ஒரு பருக்கை இறங்கேல்லை.

பேர் கழுவ வேணுமெண்டா உண்மையைச் சொல்லித்தான் கழுவ வேணும். இவருக்கும் சொல்லுவன். அப்பாவுக்கும் எழுதுறன்.

என்ன பாக்கிறியள்? அவ்வளவுதானோ எண்டோ?

நீங்கள் எத்தினை தரம் என்னட்டைக் கேட்டிருக்கிறியள், விடியச் சனம் கண்டு தூக்கேக்கை, சீவன் போற நேரம் நாக்குத் தடிச்சு, நீ, நீ எண்டு என்னவோ சொல்ல வெளிக்கிட்டவர், என்னைத்தான் கூப்பிட்டாரோ எண்டு. உங்களை இல்லையக்கா. நீக்கிலாஸ் எண்டு அப்பாவின்ரை பேரைச் சொல்ல வெளிக்கிட்டவர். அப்பாவைக் கூப்பிடச் சொல்லி.

எனக்கு என்னெண்டு தெரியுமோ? என்னட்டை முதலே சொன்னவர். அப்ப நாக்கு நல்லாத்தான் இருந்தது. நான் நாலாம் செபமாலையிலை, வரம்புக்கு அங்காலை ஏதோ விழுந்து சரசரத்தது. பிறகு, பேர்ணடெற் பிள்ளையோ, என்ரை காலிலை புடையன் போட்டிட்டுது மோனை, ஓடிப்போய் அப்பரைக் கூப்பிடு எண்டார். கோவமில்லை. களவெடுத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு கண்டிருப்பார், அதைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

நான் முதல் பலகையைப் போட்டன். சேறு வைச்சு இறுக்கினன். பிறகுதான் ஓடினன்.

விசகடிப் பரியாரியார் எங்கடை வீட்டுக்கு மூண்டு வளவு தள்ளித்தான். ஓடேக்கை எல்லாம் அப்பாவை எழுப்ப வேணும் எண்டுதான் ஓடினனான். வாசலுக்கு வந்தாப் பிறகுதான் யோசினை வந்தது, இந்த நேரம் நீ அங்கை என்ன செய்தனி எண்டு கேப்பாரே எண்டு. அப்பா முழிச்சுக்கொண்டு ஆரது எண்டார். நான்தான் அப்பா, நாய் குலைச்சது, பாக்கப் போனனான் எண்டன். எண்டுபோட்டு, குசினிக் கதவைச் சத்தம் கேக்காமல் சாத்தி, உள்ளுக்கு நிண்டு கொண்டியைப் போட்டன்.