பேர் கூப்பிடாத பெரட்டு

மலையகத்து வட்டவளையில் ஆனி மாதம் துணி காயாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழனியாண்டியின் சட்டை ஏன் அவ்வளவு ஈரமாக இருந்தது என்றுதான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இங்கே எல்லோருடைய சட்டையும் ஈரம்தான், இன்ஸ்பெக்டர் ஐயா.

நான் குணபூசணி. சாவகச்சேரியில் பிறந்தவள். மனநலம் குன்றிய முதியவர்களுக்கான இந்த இல்லத்துக்கு நான்தான் பொறுப்பு. இரண்டாயிரத்து ஏழில் ஓட்டிசம் என்கிற மதியிறுக்கம் பற்றி எங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி தர டாக்டர் ஆரூரன் கொழும்பிலிருந்து வந்தார். அது சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தோம். அவர் சிரித்தார். அந்தப் பிள்ளைகளும் கிழவர்களாவார்கள்தானே, பிறவியிலேயே இருந்ததைப் பைத்தியம் என்று சொல்லி ஊசி போட்டு மூலையில் வைத்திருக்கிறோம் என்றார்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு ஒருவர்மேல் ஒருவர் சந்தேகம். தட்டுகளை வரிசையாக அடுக்கும் சமையல்காரர் சோலைமலையை யாரும் பழையபடி பார்க்கவில்லை. பணிப்பெண் நாகலெட்சுமி எழுந்து நின்று, "எங்க வீட்டுக்காரரும் கண்ண பாத்து பேச மாட்டாருங்க டாக்டர்" என்றாள். அதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார்.

பழனியாண்டியை மட்டும் அவர் சரியாகக் கண்டுபிடித்தார். தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் கங்காணி ஆட்களை நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்பார்கள். பழனியாண்டி வாலிபத்திலேயே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவர். யாரோடும் பேசமாட்டார். ஆனால் தினமும் விடிந்ததும் முற்றத்தில் போய்ப் பெரட்டுக்கு நிற்பதுபோல நிற்பார். நாங்கள் உள்ளே இழுப்போம். அவர் கத்துவார், சுவரில் தலையை மோதுவார். பிறகு ஊசி. பல வருடங்களாக இதுதான் நடந்தது.

"அவருடைய பேரைக் கூப்பிட்டுப் பாருங்கோவன்" என்றார் டாக்டர்.

நாகலெட்சுமி லயத்தில் வளர்ந்தவள். கங்காணிக் குரலில், "பழனியாண்டி! பேரு போட்டாச்சு, வேலைக்குப் போ!" என்றாள். அவர் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினார். அன்றிலிருந்து கத்தலும் இல்லை, ஊசியும் இல்லை. நான் அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கரைச்சல் அங்கேதான் தொடங்கியது. ஆனியில் செய்முறைப் பரீட்சை. கண்டியிலிருந்து வரும் அதிகாரிகளுக்கு, எங்கள் ஊழியர்கள் ஓட்டிசத்தின் அறிகுறிகளை ஓர் ஆளில் காட்ட வேண்டும். சான்றிதழ் கிடைக்காவிட்டால் இல்லத்தை மூடிவிட்டு எல்லோரையும் கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். எங்களிடம் இருந்த ஆளோ முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் முற்றம் கூட்டுவதைப் பார்த்து எந்த அதிகாரி சான்றிதழ் தருவார்? கல்யாணம் வரைக்கும் வந்தபிறகு மாப்பிள்ளையைக் காணோம் என்பதுபோல ஆயிற்று.

வழக்கம் மாறினால் அறிகுறி வெளியே தெரியும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதனால் பரீட்சையன்று காலையில் பேர் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவர் மழையில் நின்றார். அதிகாரிகளின் வேன் வரவில்லை. கினிகத்தேனையில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது, நாளைக்கு வருகிறோம் என்று போன் வந்தது. மறுநாளும் அதே போன். இடையில் பேரைக் கூப்பிட்டிருந்தால் அவர் மறுபடி விளக்குமாற்றை எடுத்திருப்பார், பாடுபட்டதெல்லாம் வீண். கருணையில்லாதவள் என்று நினைக்காதீர்கள். குடை பிடிக்கச் சொன்னேன். பெரட்டில் குடை பிடித்துப் பழக்கமில்லை, தள்ளிவிட்டார். அதுவும் ஓர் அறிகுறி. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரவில் தூக்கி வந்து படுக்க வைத்தோம். விடிந்ததும் காய்ச்சலோடு போய் நின்றார். சோறும் இறங்கவில்லை.

"அம்மா, ஒரு வார்த்த சொன்னா வேலைக்கு போயிருவாருங்க. ஒதடெல்லாம் நீலமாயிருச்சுங்க" என்று நாகலெட்சுமி என் காலைப் பிடித்தாள்.

"நாளைக்குக் கட்டாயம் வருகினம். ஒரு நாள் பொறு பிள்ளை" என்றேன்.

வந்தார்கள். பழனியாண்டி சுவரில் சாய்ந்து நின்றார். கண்ணைப் பார்க்காதது, பேசாதது, இடம் மாறாதது என்று எங்கள் ஊழியர்கள் ஒன்று விடாமல் சொன்னார்கள். சோலைமலைகூடச் சொன்னார். இவ்வளவு தெளிவாக எங்கும் பார்த்ததில்லை என்றார் பெரிய அதிகாரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பழனியாண்டி விழுந்தார். நாகலெட்சுமி ஓடிப்போய் அவர் காதில் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். அவருடைய கை தரையில் விளக்குமாற்றைத் தேடியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

நாகலெட்சுமி உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். கூப்பிட விடாமல் தடுத்தது நான்தான், செத்துப்போவார் என்று எனக்குத் தெரிந்தும்தான். ஆனால் இல்லம் மூடப்படவில்லை, யாரும் கொழும்புக்குப் போகவில்லை. அதை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்தானே.

என்னைச் சீக்கிரம் அனுப்பினால் உதவியாக இருக்கும். தை மாதம் இரண்டாம் கட்டப் பரீட்சை. அதற்கு எங்கள் இல்லத்தில் இருக்கும் வீரம்மாவைப் பார்த்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அவள் மிகவும் நிம்மதியாக இருக்கிறாள். அதை மட்டும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும்.