லாகோஸ் லைன்

— ஹலோ? ஹலோ சேர், விக்னராஜா ஹியர். ஹலோ... யோகா, லைன் கட்டாப் போச்சு.

— ஓஃப் பண்ணாதேங்கோ. ஸ்பீக்கரிலயே கிடக்கட்டும், திரும்ப வருமோ எண்டு பாப்பம். எண்ணெய்க் கிணறு வைச்சிருக்கிற நாடு, ஒரு போன் ஒழுங்கா இல்லை!

— லாகோஸில ஆளுக்கு மூண்டு சிம்மெல்லோ. ஒண்டு செத்தா மற்றது. அதுக்குத்தானே எஞ்சினியர் தேடுறாங்கள். சரி, அந்த ராஜ் எண்டவர் இனிக் கதைக்க மாட்டார். தேத்தண்ணி போடு.

— உங்களுக்கு இண்டைக்கு வெறும் சுடுதண்ணிதான். இஞ்சாருங்கோ, அந்த வடக்கத்தி மனுசன் இன்ரர்வியூவில என்ன கேட்டவர்? கரண்ட் வாறேல்லை, டவரெல்லாம் ஜெனரேற்றரில ஓடுது, டீசலைக் களவெடுக்கிறாங்கள், என்ன செய்வீர் எண்டு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— இன்னும் பெரிய ஜெனரேற்றர் வைக்கலாம் எண்டு.

— கள்ளனுக்கும் டீசல் அள்ள ஒரு பெரிய கான் வாங்கிக் குடுங்கோவன்!

— ஹா, அதுவும் நல்ல யோசினை.

— சிரியாதேங்கோ. கொம்பனியள் ஒரே டவரைப் பங்கு போடோணும், சோலாரில பற்றறி ஏத்தோணும் எண்டு கிழமைக்கணக்கா என்ர காதைத் திண்டது ஆர்? சோத்துக் கோப்பையில முருங்கைக்காயை நட்டு டவர் காட்டினது ஆர்?

— அவர் கேக்கேக்க மறந்து போச்சு.

— கொழும்பில டவர் டவரா ஏறி இறங்கின மனுசனுக்கு மறந்து போச்சோ? வேணுமெண்டுதான் பிழையாச் சொன்னனீங்கள்.

— ...ஓம். வேணுமெண்டுதான்.

— ஏனப்பா?

— ரெண்டு வருசம் யோகா. நீ இஞ்ச டூங்கபி வீட்டில தனிய, நான் அங்க. இப்பவே நான் கோழி ஃபக்டரியால வர, நீ நேர்சிங் ஹோமுக்கு வெளிக்கிடுறாய். அந்த அரை மணித்தியாலத்தையும் விட்டிட்டுப் போகச் சொல்லுறியோ? எனக்கு இந்தக் கோழி வேலையே போதும், காணும்.

— எனக்குக் காணாது. ஹரிஸ் பார்க் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனா ஒரு கடையைப் பாக்கிறேல்லை, கூரையில நிக்கிற அன்ரெனாவை அண்ணாந்து பாக்கிறீங்கள். அதைப் பாக்க எனக்கு நெஞ்சு தாங்கேல்லை.

— அப்ப நான் போகட்டோ?

— போங்கோ.

— என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு.

— ...போகாதேங்கோ. நீங்கள் இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது. போகாமலும் இருக்காதேங்கோ. ஐயோ, நான் என்ன செய்ய?

— அழாதை ராசாத்தி. இந்த இழவு விழுந்த போனை நிப்பாட்டிப்போட்டு வாறன்...

— சார், சார்! நிப்பாட்டிராதீங்க.

— ஐயோ, ஆர் கதைக்கிறது?

— லாகோஸ்ல இருந்து நாகராஜன்மா. ஆபீஸ்ல ராஜ்னு கூப்பிடுவாங்க. ஊரு தேனிப் பக்கம். நான் கத்துனது உங்களுக்குக் கேக்கல, நீங்க பேசுனது எனக்கு நல்லாவே கேட்டுச்சு.

— சேர், சொறி சேர்... எல்லாமோ?

— முருங்கைக்காய் டவர் உட்பட. அதுதான் சரியான பதில் சார். உங்கள வேலைக்கு எடுத்துக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன், அத உங்ககிட்ட இல்ல, அவங்ககிட்டதான் பேசணும்.

— என்னட்டயோ? சொல்லுங்கோ அண்ணை.

— பதினோரு வருஷமா நான் இங்க தனியாத்தாம்மா சாப்பிடுறேன், அது இன்னொருத்தனுக்கு வேணாம். வீடு குடுக்குறோம் தங்கச்சி, நீங்க வர்றதா இருந்தா மட்டும் அவரையும் கூட்டிட்டு வாங்க.