முழுங்கிய கடைசி வரி

சுகிர்தா: ...அப்ப அந்தத் திருத்தத்தையும் விட்டுட்டீங்களா, ஃபாஸில் நானா?

ஃபாஸில்: விட்டுட்டேன். மெசேஜ சத்தமா வாசிச்சுக் காட்டுற நம்ம ஆப் ஓப்பன் சோர்ஸ், யார் வேணும்னாலும் திருத்தம் அனுப்பலாம். வந்ததெல்லாம் சேர்க்க ஏலுமா? இது சின்ன வெளியீடு. பிழைய மட்டும் திருத்தணும், புதுசா ஒண்ட ஒடச்சிரக் கூடாது.

சுகிர்தா: குரல மாத்துற பட்டன்?

ஃபாஸில்: புது வசதி. அடுத்த பெரிய வெளியீட்டுக்கு.

சுகிர்தா: சிங்கள மெசேஜ்ல திகதிய தப்பா வாசிக்கிறது?

ஃபாஸில்: அது சேரும். சிங்களம் தெரிஞ்ச நம்ம டிலானி நல்லா சோதிச்சிட்டா.

சுகிர்தா: அப்ப மிச்சம் ஒண்ணுதான். பழைய போன்ல மெசேஜ் நீளமா வந்தா, நம்ம ஆப் கடைசி வரிய வாசிக்காம முழுங்கிடுது.

ஃபாஸில்: ...அது வாணாம்.

சுகிர்தா: ஏன்? அதுவும் பிழைதானே!

ஃபாஸில்: பிழைதான். ஆனா வாசிக்கிற எடத்தயே தொடுது. கண் தெரியாத எத்தன பேர் இத நம்பி இரிக்காங்க? ஒரு ஆள்ட முறைப்பாட்டுக்காக எல்லார்ட போனையும் ஊமையாக்கவா?

சுகிர்தா: அந்த ஒரு ஆளு க்ளினிக் மெசேஜக் கேட்டுட்டு பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. நாள மாத்தியாச்சுன்னு கடைசி வரியில இருந்திருக்கு. வீணா அலைஞ்சு...

ஃபாஸில்: அந்த மழையில...

சுகிர்தா: மழையா? முறைப்பாட்டுல மழையப் பத்தி எழுதலயே.

ஃபாஸில்: ...கண்டியில எந்த நாள் மழையில்ல? தேத்தண்ணியக் குடிங்க, ஆறுது. ஒங்கட நாவலப்பிட்டி பஸ்ஸும் போயிரும்.

சுகிர்தா: பஸ் போனா போகட்டும். பேச்ச மாத்தாதீங்க, நானா.

ஃபாஸில்: பழைய போன்ல சோதிக்காம சேர்க்க ஏலா. அவ்வளவுதான்.

சுகிர்தா: சோதிச்சாச்சு. ஒரு மெசேஜும் தவறல. இந்தாங்க, நீங்களே பாருங்க.

ஃபாஸில்: இது... இது எண்ட உம்மாட போன்! ரிப்பேர் கடையில குடுத்திரிக்கி எண்டு சொன்னாவே!

சுகிர்தா: அந்த ஒரு ஆளு யாருன்னு ஒங்களுக்கு முன்னமே தெரியும். இல்லயா?

ஃபாஸில்: ...தெரியாம? அண்டைக்கு ஈர முக்காட்டோட வாசல்ல நிண்டா. எனக்கு அழுகயே வந்திச்சு. ஆனா எண்ட உம்மாக்காக நானே சேர்த்தா, நாளைக்கி மத்தவங்கட திருத்தத்த எந்த மொகத்தோட மறுப்பேன்?

சுகிர்தா: நீங்க சேர்க்க வேணாம். சோதிச்சது நான், சேர்க்கிறதும் நான்.

ஃபாஸில்: ...சரி, சேருங்க. ஆனா போன ஒங்கள்ட்ட குடுத்தத உம்மா ஏன் எனக்கிட்ட மறைக்கணும்?

சுகிர்தா: முறைப்பாட்ட எழுதினதே நான்தான், நானா. ஆஸியா உம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். "பேரப் போட்றாத புள்ள. எனக்கெண்டு தெரிஞ்சா, எண்ட மகன் அதத்தான் மொதல்ல தள்ளி வெப்பான்"னாங்க.