அப்பா கை வைத்த உயரம்

அப்பா: தம்பி, இந்த ஷவரைக் கொஞ்சம் கீழ இறக்கி மாட்ட முடியுமா?

கடைக்காரர்: எவ்வளவு சார்?

அப்பா: சும்மா… இதோ, இந்த அளவுக்கு.

மகள்: அப்பா, அது உங்க நெத்தி.

அப்பா: இருக்கட்டுமே.

மகள்: நெத்தியில தண்ணி அடிச்சா தலை எப்படி நனையும்? ஆறடி ஆள் முட்டி போட்டுக் குளிக்கப் போறீங்களா?

அப்பா: கொஞ்சம் குனிஞ்சாப் போச்சு. இந்த வயசுல குனிஞ்சு நிமிர்றது நல்லதும்மா.

மகள்: கீழ விழுந்த பேப்பரை எடுக்கவே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடற ஆளு நீங்க!

கடைக்காரர்: பொதுவா தலைக்கு மேல ஒரு அடியாவது விட்டு மாட்டுவோம் சார். வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?

மகள்: இவர் ஒருத்தர்தாங்க. ரிட்டயர் ஆன குழந்தை. புது வீடு கட்டித் தனியா இருக்கப் போறாராம். தனியாத்தானேப்பா?

அப்பா: ம்… அதைப் பத்தித்தான்… உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தேன்.

மகள்: சொல்லுங்க.

அப்பா: முதல்ல இந்த வாஷ்பேசினைப் பாத்துடலாம்.

மகள்: போன்ல கேட்டா 'நேர்ல வா, சொல்றேன்'னீங்க. லீவு போட்டுட்டு நேர்ல வந்தா 'முதல்ல சாப்பிடு'ன்னீங்க. சாப்பிட்டு முடிச்சா 'முதல்ல கடைக்குப் போயிடலாம்'. இப்ப வாஷ்பேசினா?

அப்பா: வாஷ்பேசின் முக்கியம் இல்லையா? தம்பி, இது அழகா இருக்கே. இதை… இரு… ஆங், இவ்வளவு உயரத்துல வெச்சாப் போதும்.

கடைக்காரர்: சார், அங்க வெச்சா நீங்க மூஞ்சி கழுவறதுக்குள்ள இடுப்பு போயிடும்.

அப்பா: தோள்பட்டை வலிப்பா. கையை மேல தூக்கவே முடியல. அதனாலதான் எல்லாத்தையும் கொஞ்சம் கீழ கீழ…

மகள்: வாஷ்பேசினுக்கு எதுக்குக் கையைத் தூக்கணும்?

அப்பா: பொதுவாச் சொன்னேன்.

மகள்: சரி, பொதுவாவே இருக்கட்டும். அதோ, மேல் தட்டுல ஒரு வெள்ளைக் கை ஷவர் இருக்கே, அது எப்படி இருக்குன்னு பாருங்க.

அப்பா: எது, இதுவா? இரு… இந்தா, எடுத்துட்டேன். நல்ல கனமா இருக்கு.

மகள்: எந்தக் கையால எடுத்தீங்க?

அப்பா: இந்த… வலது கையால.

மகள்: அந்தக் கைதானே தூக்க முடியல?

அப்பா: அது… விட்டு விட்டு வலிக்கும்.

மகள்: இப்ப விட்டிருக்கு.

அப்பா: ஆமா, இப்ப விட்டிருக்கு.

மகள்: தோள்பட்டை மேடம் என்ன சொல்றாங்க?

அப்பா: யா… யாரு?

மகள்: அதான், பிசியோதெரபி மேடம். வாரா வாரம் தோளைத் தூக்கிட்டுப் போறீங்களே, அவங்கதான்.

அப்பா: இன்னும் கொஞ்ச நாள் வரச் சொல்லியிருக்காங்க.

மகள்: காலை ஒடிச்சுக்கிட்டவனெல்லாம் எழுந்து பந்து விளையாடறான். நீங்க கதவுல இடிச்சுக்கிட்டு ரெண்டு வருஷமாப் போறீங்க!

அப்பா: பொறுமையாப் பாக்கறவங்கம்மா. அவசரப்பட மாட்டாங்க.

மகள்: யாரு அவசரப்படலங்கறது எனக்கு நல்லாவே தெரியுது.

அப்பா: என்ன தெரியுது?

மகள்: ஒண்ணுமில்ல. கண்ணாடியைப் பாருங்க.

அப்பா: ஆங், கண்ணாடி! தம்பி, இந்த வட்டக் கண்ணாடி… இங்க வரணும்.

கடைக்காரர்: சார், தப்பா எடுத்துக்காதீங்க. அங்க மாட்டினா உங்க சட்டைப் பட்டன்தான் தெரியும்.

அப்பா: பட்டனும் ஒழுங்கா இருக்கான்னு பாக்கணும்ல?

மகள்: தலைமுடி?

அப்பா: அது எங்க இருக்கு பாக்கறதுக்கு?

மகள்: நல்லா சமாளிக்கறீங்க. டவல் கம்பி எங்க வரணும்?

அப்பா: இங்க.

மகள்: கொக்கி?

அப்பா: ரெண்டு கொக்கி. ஒண்ணு இங்க, இன்னொண்ணு… அது எவ்வளவு உயரத்துல இருந்தாலும் பரவாயில்ல.

மகள்: பிரஷ் வைக்கிற கப்?

அப்பா: ரெண்டு… ஒண்ணு போதும். இல்ல, ரெண்டா வாங்கினா விலை குறைப்பாங்கள்ல?

கடைக்காரர்: குறைக்க மாட்டோம் சார்.

அப்பா: பரவாயில்ல, ரெண்டு குடுங்க.

கடைக்காரர்: மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

மகள்: சொல்லுங்க, சொல்லுங்க. இங்க யாராவது எதையாவது சொன்னாத் தேவலை.

கடைக்காரர்: நான் ரொம்ப நேரமாப் பாக்கறேன். எந்தப் பொருளைக் காட்டினாலும் சார் முதல்ல தன் தோள்கிட்ட இப்படிக் கை வெக்கறாரு. அப்புறம்தான் அங்கிருந்து மேல இவ்வளவு, கீழ இவ்வளவுன்னு அளக்கறாரு. ஷவருக்கும் அப்படித்தான், கண்ணாடிக்கும் அப்படித்தான். சும்மா டேப்பைப் பிடிச்சுப் பாத்தேன்… ஒவ்வொரு தடவையும் அதே இடம். ஒரு விரல்கூட மாறல.

அப்பா: என்னப்பா நீ, ஷவரை அளக்கச் சொன்னா என்னை அளந்துட்டிருக்கே?

கடைக்காரர்: இல்ல சார்… பக்கத்துல யாரோ நிக்கற மாதிரியும், அவங்க தலையில நீங்க கை வெக்கற மாதிரியும் இருந்துச்சு. அவ்வளவுதான். நான் அந்தப் பக்கம் குழாய் எடுத்து வெக்கறேன்.

மகள்: அப்பா.

அப்பா: ம்.

மகள்: யாருப்பா அங்க நிக்கறது?

அப்பா: எங்க? யாரும் இல்லையே.

மகள்: நம்ம வீட்ல அந்த உயரத்துல ஆளே கிடையாது. அம்மா இருந்தப்ப அவங்களே உங்க காதுக்கு வருவாங்க. நான் உங்களையே முந்திட்டேன். அப்ப யாரு?

அப்பா: கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?

மகள்: உக்காருங்க.

அப்பா: இது கமோடும்மா.

மகள்: மூடி போட்டுத்தானே இருக்கு? நான் பக்கத்துல இருக்கிறதுல உக்காந்துக்கறேன். இப்பச் சொல்லுங்க.

அப்பா: திட்டமாட்டியே?

மகள்: கமோடுல உக்காந்துட்டு யாரையாவது திட்ட முடியுமா? சொல்லுங்க.

அப்பா: தோள்பட்டை சரியாகி ரொம்ப நாளாச்சும்மா.

மகள்: அது ஷவர் எடுக்கும்போதே தெரிஞ்சுடுச்சு. மேல சொல்லுங்க.

அப்பா: அந்த மேடம்… அவங்களும் தனியாத்தான் இருக்காங்க. போனா கொஞ்ச நேரம் பேசிட்டிருப்போம். நான் எதாவது ஜோக் சொல்லுவேன். அவங்க சிரிப்பாங்க.

மகள்: உங்க ஜோக்குக்கா?

அப்பா: ஆமா.

மகள்: வாய் விட்டா?

அப்பா: கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும்.

மகள்: அப்ப விஷயம் பெருசுதான்.

அப்பா: கிண்டல் பண்ணாதடீ… அவங்களை இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு ஆசைப்படறேன். முறைப்படி, ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டு. அப்பாடா… சொல்லிட்டேன். சொல்லிட்டேன்ல?

மகள்: சொல்லிட்டீங்க.

அப்பா: நீ என்ன நினைக்கறே?

மகள்: நீங்க முடிங்க.

அப்பா: ஒரே ஒரு பயம்தான். உங்கம்மாவை மறந்துட்டேன்னு மட்டும் நினைச்சுடாதே. அந்த வாடகை வீட்ல தினமும் கீசர்ல தலையை இடிச்சுக்கிட்டு வீட்டுக்காரனைத் திட்டுவாளே… அந்தச் சத்தம் கேக்காம எனக்கு இன்னும் சரியா விடியறதில்ல. அதெல்லாம் துடைச்சுப் போட்டுட்டுத்தான் இன்னொருத்தரைக் கூட்டிட்டு வர்றேன்னு நீ நினைச்சா, எனக்கு இந்த வீடே வேண்டாம்மா. ஷவரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

மகள்: அப்பா, இங்க பாருங்க. தினமும் போன்ல 'சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா'ன்னு கேக்கறேன். நீங்களும் 'ஆச்சு ஆச்சு'ன்னு வெச்சுடறீங்க. ஆனா வெக்கறதுக்கு முன்னாடி பின்னால ஒரு சத்தம் கேக்கும். டிவியில செய்தி வாசிக்கிறவருக்கு நீங்க பதில் சொல்லிட்டிருப்பீங்க.

அப்பா: அந்த ஆளு தப்புத் தப்பாச் சொல்றான்…

மகள்: பேசாதீங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா அம்மா கத்துவாங்க. இப்ப நீங்க போடறீங்க, அது பாட்டுக்குக் கிடக்குது. உங்களை நேர்ல நின்னு திட்டறதுக்கு வீட்ல ஒரு ஆள் வேணும்ப்பா. நான் போன்ல எவ்வளவுதான் திட்டறது?

அப்பா: அப்ப… உனக்குக் கோவம் இல்லையா?

மகள்: ரொம்பக் கோவம். இதைச் சொல்ல இவ்வளவு நாள் இழுத்தடிச்சதுக்கு.

அப்பா: அவங்களும் அதையேதான் சொல்லித் திட்டறாங்க. 'பொண்ணுகிட்ட சொல்லாம அந்த வீட்ல எனக்காக ஒரு கொக்கிகூட அடிக்கக் கூடாது'ன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.

மகள்: அதுக்குத்தான் இன்னிக்கு ரெண்டு கொக்கி வாங்கினீங்களா?

அப்பா: ஒரு நம்பிக்கையில… வாங்கிட்டேன். சிரிக்காதடீ, அந்தத் தம்பி பாக்கறான். இனிமே நான் அவங்ககிட்ட போய் 'சொல்லிட்டேன், அவ ஒத்துக்கிட்டா'ன்னு வேற சொல்லணும். சாயங்காலம் போகட்டுமா? இல்ல, நாளைக்கு வழக்கமாத் தோளுக்குப் போற நேரத்துல…

மகள்: மறுபடியும் ஆரம்பிக்காதீங்க, எழுந்து இந்தக் கடை மாடிக்குப் போங்க. டைல்ஸ் பாக்கற மாதிரி அங்கதான் நின்னுட்டிருக்காங்க. போன மாசமே எனக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாங்கப்பா… 'உங்கப்பா தன் வாயால உன்கிட்ட சொன்னாத்தான் நான் கீழ இறங்கி வருவேன்'னு அவங்க. 'இன்னிக்குச் சொல்ல வெச்சுடறேன் பாருங்க'ன்னு நான். பாவம், கடை திறந்ததுலேர்ந்து நின்னு நின்னு இப்ப அவங்களுக்குக் கால் வலிக்குதாம்!