வௌவால் டாக்டரும் தண்ணீர் வண்டியும்

மேடையில் வீற்றிருக்கும் கால்நடை மருத்துவமனைப் பெரியவர்களே, முன்வரிசையில் கண்கலங்கி இருக்கும், மறைந்த டாக்டரம்மாவின் கணவரே, அருமை மகளே, திரண்டிருக்கும் ஊர்மக்களே, வணக்கம்.

தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 'வௌவால் டாக்டர்' என்று நாம் செல்லமாகக் கேலி செய்த அந்த மருத்துவரை எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கோடைப் பகலில், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எங்கள் நிலையத்துக்குள் ஓடிவந்தார்.

"சார், தண்ணி வண்டி உடனே வேணும்."

"எங்கம்மா தீப்பிடிச்சிருக்கு?"

"மரத்துல. நெருப்புதான் கண்ணுக்குத் தெரியல. வந்து பாருங்க."

போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மரங்களில், சிறகால் விசிறி விசிறிக் களைத்த வௌவால்கள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தன! செத்துக் கிடந்த தாயின் மார்பைக் குட்டி விடவில்லை. அப்படியொரு வெயிலை நம் ஊர் அதற்குமுன் கண்டதுண்டா?

குழாயைத் தூக்கினேன். "பீச்சி அடிக்காதீங்க சார், மிரண்டு பறந்தா அதுலயே உயிர் போயிரும். தூறல் மாதிரி விடுங்க" என்றார். விட்டோம். கையுறை இல்லாத யாரையும் அவர் கிட்டே அண்டவிடவில்லை. பிழைத்த குட்டிகள் அவர் வீட்டுச் சாப்பாட்டு அறைக்குப் போயின. இதோ இருக்கிறாரே கணவர், அன்று என்னிடம் அங்கலாய்த்தார்: "கொடி பூரா அதுங்கதான் சார் தொங்குது. என் சட்டைய எங்க காயப்போடுறது?" சிரிக்கிறீர்கள். அவரும் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, அந்த வீடு அப்படித்தானே இருந்தது!

ஆனாலும் பாதிக்கு மேல் செத்துப்போயின. நாற்றம் தாங்காத கடைக்காரர்கள் மரங்களையே வெட்டச் சொன்னார்கள். நகராட்சிக் கூட்டத்தில் டாக்டரம்மா எழுந்தார். "காட்டுல விதை போடுறதே இதுங்கதான். சரி, அத விடுங்க. இந்த மரமும் போச்சுன்னா அடுத்த வெயிலுக்கு நாம எங்க ஒதுங்குவோம்?"

மரங்கள் தப்பின. அடுத்தடுத்த கோடைகளோ இன்னும் கொதித்தன. அவர் சளைத்தாரா? குளக்கரை நெடுக நிழல்மரக் கன்றுகள் நட்டார். வெட்டச் சொன்ன கடைக்காரர்களிடமே போய்ப் பேசினார். பிறகு ஒருநாள் எனக்குப் போன் வந்தது: "சார், வௌவாலு விசிற ஆரம்பிச்சிருச்சு. சீக்கிரம் வாங்க!" பேசியவர் கடைக்காரர் சங்கத் தலைவர்!

நோயில் படுத்த பின்னும், பார்க்கப் போனவர்களிடம் "வெளிய வெயில் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார்.

அன்பர்களே, உலகம் புகையைக் குறைக்காதவரை வெயில் குறையாது. அதற்கும் குரல் கொடுப்போம். அதுவரை கைகட்டி நிற்போமா? நகராட்சியிடம் அவர் கேட்டுக் கேட்டும் கிடைக்காமல் போன தூறல் குழாயை, மர உச்சிவரை, இந்தக் கோடைக்குள் பதிப்போம். அவர் நட்ட கன்றுகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுவோம். சங்கத் தலைவர் தலையசைக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

போய் வாருங்கள், டாக்டரம்மா. வரப்போகிற வெயிலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.