மூன்றாவது அழைப்பு

மாநாட்டுக்கு வந்த யாரும் பசியோடு திரும்பவில்லை. அதை முதலில் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் துவான். சுங்கைப் பட்டாணி மண்டபத்தில், கிளைகளிலிருந்து ஓட்டுப் போட வந்த நூற்றுப்பன்னிரண்டு பேராளர்கள். அத்தனை பேருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு வந்தது. பதினெட்டு வருடமாக நான் மாநிலச் செயலாளர். என் ஏற்பாட்டில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

கட்சியின் தேசியத் தலைவர் பதவிக்கு எங்கள் மாநிலம் யாரை நிறுத்துவது என்று அன்று முடிவாக வேண்டும். ஒருவர் சுகுமாரன், மேலிடத்துக்கு வேண்டியவர். மற்றவர் தர்மலிங்கம் அண்ணன். பாடாங் செராய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என்னைக் கட்சிக்குக் கூட்டிவந்தவர் அவர்தான்.

மாநாட்டுக்கு முந்தின வாரமே கிளை கிளையாகப் போய் விசாரித்துவிட்டேன். அறுபத்தொரு பேர் அண்ணன் பக்கம். அவர் ஜெயித்தால் சுகுமாரன் ஆட்கள் மொத்தமாக வெளியேறிவிடுவார்கள், கட்சி இரண்டாகும். விலகிக்கொள்ளுங்கள் என்று அவரிடமே கேட்டேன்.

"பேராளருங்க முடிவு பண்ணட்டும்லா, நவமணி," என்று சிரித்தார்.

எங்கள் கட்சியில் ஒரு விதி உண்டு. முன்மொழியப்பட்டவர் மேடையேறிச் சம்மதம் சொல்ல வேண்டும். மூன்று முறை அழைத்தும் வராவிட்டால் அவர் பெயர் நீங்கிவிடும். அந்த விதியை எழுதியது தர்மலிங்கம் அண்ணன்.

கூட்டம் தொடங்கக் கால்மணி நேரம் இருக்கும்போது, மாடி அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. வாசலில் நிறுத்தியிருந்த தன் காடியின் சாவியை என்னிடம் நீட்டினார்.

"காடில இருக்கிற பேக்ல மாத்திர இருக்கு, எடுத்துட்டு வாம்மா. அம்புலன்ஸுக்கும் சொல்லிடு."

"சொல்றேன்ணே. நீங்க அசையாம இருங்க."

அவருடைய கைப்பேசியையும் வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் யாராவது அழைத்துத் தொந்தரவு செய்வார்கள் அல்லவா? கதவை வெளியே தாழிட்டேன். காற்றில் அடித்துக்கொள்ளும் கதவு அது.

கீழே அவைத்தலைவர் திவாகரன் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். "அக்கா, அண்ணன் எங்க?"

"மனசு மாறிட்டாரு தம்பி. நீங்க விதிப்படி கூப்பிடுங்க."

முதல் அழைப்புக்கு மண்டபம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது அழைப்பின்போது நான் மாடியேறிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி அங்கேயும் தெளிவாகக் கேட்டது. கதவைத் திறந்தால், அண்ணன் தரையில் தவழ்ந்து வாசல்வரை வந்திருந்தார்.

"என் பேரக் கூப்பிடுறாங்க. வந்துட்டேன்னு சொல்லு."

"சொல்லிட்டேன்ணே."

அவர் நம்பவில்லை போலிருக்கிறது. மூன்றாவது அழைப்பு வந்ததும் தலையைத் தூக்கிக் குரல் கொடுக்கப் பார்த்தார். அவர் வாய்மேல் என் கையை வைத்தேன். கத்தினால் வலி கூடிவிடும். கீழே கைதட்டல் எழும்வரை கையை எடுக்கவில்லை. எடுத்தபோது அவருக்கு எந்த வலியும் இல்லை.

மாத்திரையை நான் எடுக்கப் போகவே இல்லை, துவான். அம்புலன்ஸையும் அழைக்கவில்லை. இதையெல்லாம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சுகுமாரன் ஒருமனதாகத் தேர்வானார். ஒரு கிளைகூட வெளியேறவில்லை. அண்ணன் வளர்த்த கட்சி அப்படியே இருக்கிறது. அவர் மட்டும் இன்று உயிரோடு இருந்திருந்தால், முதல் ஆளாக வந்து எனக்கு நன்றி சொல்லியிருப்பார்.